வயது கேட்டுக் காத்திருந்தவர்

கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் பேசாமல் இருப்பார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். மடியில் தாள், கையில் மூடி கழற்றிய பேனா, எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் பார்வை. பதில் வரும்வரை அசைய மாட்டார். தொண்டையைச் செருமுவதோ, "ம், சொல்லுங்க" என்று அவசரப்படுத்துவதோ கிடையாது.

எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். கேட்கிறவரே பதிலையும் சொல்லிக்கொண்டு போய்விடுவார். "என்ன, சாப்ட்டாச்சா? மணி என்னாச்சு, சாப்ட்டிருப்ப" என்று தாண்டிப் போவதுதான் வழக்கம். அதனால் டாக்டரம்மா வந்த புதிதில் ஊருக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"ஏட்டி, உங்க டாக்டரம்மா கேட்டுட்டு கொக்கு மாதிரில்லா இருக்காவ. பதில் சொல்லாம எந்திரிச்சுப் போகவும் முடியல, பொய் சொல்லவும் வாய் வரல" என்று என் சின்னம்மா சொல்லிச் சிரிப்பாள். சின்னம்மா என்றால் என் அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு.

டாக்டரம்மா சர்க்கரை நோயை ஆராய்ச்சி செய்தவர். சாப்பிடுகிற சோறு உடம்பில் எப்படிப் பலமாக மாறுகிறது, வயதாக ஆக அந்த வேலை எங்கே தடுமாறுகிறது, சிலர் சீக்கிரம் தளர்ந்துபோக சிலர் மட்டும் ஏன் தளராமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருடைய படிப்பு. வெளிநாட்டில் எலிகளை வைத்துப் பல வருடம் வேலை செய்துவிட்டு, இனி மனிதர்களைப் பார்க்க வேண்டும் என்று இங்கே வந்தவர். கோவில்பட்டியில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார். நாகலாபுரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரையும் அக்கம்பக்கத்து இரண்டு ஊர்களையும் தன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். மழையை நம்பிக் கம்பும் சோளமும் உளுந்தும் விதைக்கிற ஊர்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் இங்கே அதிகம். அவர்களுடைய உடம்புக்கு எப்படி வயதாகிறது என்று வருடா வருடம் அளந்து பார்த்து, சர்க்கரை இருந்தால் மாத்திரையும் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வீடு வீடாகக் கூட்டிப்போக, படிக்கத் தெரிந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் பத்தாம் வகுப்புவரை படித்தவள். அதன் பிறகு தீப்பெட்டி ஆபீசில் இருபது வருடம். யாராவது முகத்தைப் பார்த்துக் கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். டீச்சர் என்னைக் கேட்பார், நான் எழுந்து நிற்பேன், பதில் நாக்குவரை வந்திருக்கும், அதற்குள் "அடுத்தவ சொல்லு" என்று தாண்டிவிடுவார். வேலைக்காகக் கோவில்பட்டி மாடிக்குப் போன அன்று டாக்டரம்மா கேட்டார்: "இந்த வேலை ஏன் வேணும்னு நினைக்கிறீங்க?" நான் தரையைப் பார்த்தபடி இருந்தேன். மின்விசிறி சுற்றியது. கீழே கடலைமிட்டாய்க் கடைக்காரர் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சண்டை முடிந்து அமைதியானது. அவர் அப்படியே இருந்தார். கடைசியில் நான், "மருந்து வாசம் தாங்கல டாக்டர். தீப்பெட்டி மருந்து" என்றேன். "சரி, நாளைக்கு வாங்க" என்றார். என் ஆயுளில் எனக்காக ஒருவர் அவ்வளவு நேரம் காத்திருந்தது அன்றுதான்.

வேலையில் அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும், அவர்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். "நமக்கு வேற மாதிரி தெரிஞ்சாலும் எழுதக் கூடாது. அவங்க வாயால வரணும்" என்பார்.

எங்கள் ஊரில் ஆறுமுகம் அண்ணாச்சி என்று ஒருவர். முதல் வருடம் டாக்டரம்மா அவரிடம், ராத்திரி என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். "கம்பங்கஞ்சிதான் டாக்டரம்மா. வேற என்னத்த?" என்றார் அண்ணாச்சி. அடுப்படியிலிருந்து அவர் மனைவி பாத்திரத்தை நங்கென்று வைக்கிற சத்தம் கேட்டது. டாக்டரம்மா கம்பங்கஞ்சி என்று எழுதினார். திரும்பி வரும்போது நான், "டாக்டர், அவிய தெனமும் நாகலாபுரம் போயி புரோட்டா திங்காவ. ஊருக்கே தெரியும்" என்றேன்.

"அவருக்கும் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்ப அவரே சொல்லுவார்."

அடுத்த வருடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தபோது அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டு, "புரோட்டா நாலு. சால்னா எத்தன கரண்டின்னு எழுதணுமா?" என்றார். அடுப்படியிலிருந்து அந்த அம்மா, "ஆறுன்னு எழுதுங்க, நாலுங்காவ" என்றாள். டாக்டரம்மா அண்ணாச்சியைப் பார்த்தபடியே இருந்தார். "ஆறு" என்றார் அண்ணாச்சி. அன்று வேனில் ஏறும்போது டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

ஆறுதலுக்காக ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல மாட்டார். "இது எப்பத்தான் போவும் டாக்டரம்மா?" என்று யாராவது கேட்டால், "போகாது. கூடவேதான் இருக்கும். நாம பார்த்து நடத்திக்கணும்" என்பார். கேட்டவள் அழுதாலும் அதை மாற்றமாட்டார். அழுது முடியும்வரை பக்கத்தில் இருப்பார். சிலருக்கு அவரிடம் பயம் வந்தது அதனால்தான். தான் பொய் சொல்லாதது போலவே மற்றவர்களும் என்றைக்காவது உண்மைக்கு வந்துவிடுவார்கள் என்று நம்பினார்.

ஒருநாள் வேனில் போகும்போது எலிகளைப் பற்றிச் சொன்னார். "எலிகளோட வேலை செய்றது சுலபம். ஒவ்வொரு கூண்டுலயும் பிறந்த தேதி எழுதி ஒட்டியிருக்கும். வயசுல சந்தேகமே வராது. வயசு சரியா இருந்தாத்தான் மத்த எல்லா அளவுக்கும் அர்த்தம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் ஊர்ப் பெண்களின் வயது எனக்குத் தெரியும். அவர் வருவதற்கு எட்டு வருடம் முன்னால் ஆதார் எடுக்க ஊருக்கு ஆட்கள் வந்தார்கள். பிறந்த தேதிக்கு அத்தாட்சி யாரிடமும் இல்லை. எழுதத் தெரியாத பெண்கள் என்னிடம் வந்தார்கள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நான்தான் படிவம் எழுதினேன். "வயசு என்ன?" என்பேன். "அம்பது ஆவுது. அறுபத்தொண்ணு போடுட்டி" என்பாள் ஒருத்தி. அறுபது ஆனால்தான் முதியோர் பென்சன். காட்டில் மூன்று வருடமாக விளைச்சல் இல்லை. பத்து வருடம் முன்னால் பென்சன் வந்தால் யாருக்கு என்ன நட்டம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நானும் நினைத்தேன். என் சின்னம்மாவுக்கு அப்போது ஐம்பது. சித்தப்பா இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அறுபத்தொன்று என்று எழுதியது நான்தான்.

முதல் வருடம் டாக்டரம்மா சின்னம்மா வீட்டுக்கு வந்து வயது கேட்டபோது அவள், "அறுபத்தொம்பது" என்று ஆதார் அட்டையை நீட்டினாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில், எடுத்த ரத்தத்தை வைக்கிற ஐஸ் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். சின்னம்மா என்று கூப்பிட்டால் அவள் அம்மாவுக்கு இளையவள் என்று தெரிந்துவிடுமே என்று, அன்றிலிருந்து டாக்டரம்மா முன்னால் அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. "இந்தாங்க", "கையை நீட்டுங்க" என்று பேசிச் சமாளித்தேன். சின்னம்மாவுக்கு அது புரிந்தது. டாக்டரம்மா போன பிறகு, "என்னட்டி, என்னய யாரோ மாதிரி வாங்க போங்கன்னு சொல்லுத" என்று கேலி செய்வாள்.

இரண்டு மூன்று வருடத்தில் டாக்டரம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கையால் பிடித்து அமுக்குகிற கருவி ஒன்று உண்டு, கை வலுவை எண்ணில் காட்டும். எழுபது வயதுப் பெண்கள் அதை அமுக்கினால் அறுபது வயதுக்கு வர வேண்டிய எண் வந்தது. நடை வேகமும் அப்படி. "இந்த ஊர்ல ஏதோ இருக்கு. சாப்பாடா, வேலையா, இந்த மண்ணா தெரியல. இவங்களுக்குப் பத்து வருசம் மெதுவா வயசாகுது" என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் வெளியிட எழுதிக்கொண்டிருப்பதாக என்னிடமும் சொன்னார். மாடியில் அவர் மேஜைக்கு எதிரே நான் சோதனைக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அன்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊரில் அத்தனை பேரின் பென்சனும் போகும் என்று நினைத்தேன். அது உண்மையான பயம்தான். அதற்குள்ளே இன்னொன்றும் இருந்தது. அவர் என்னை நம்பிக்கொண்டிருந்தார். அது போய்விடக் கூடாது என்று எனக்கு ஆசை.

மூன்றாம் வருடம் சின்னம்மாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு மருந்தைக் கூட்டவில்லை. "எழுபதைத் தாண்டினவங்களுக்கு ரொம்ப இறுக்கிப் பிடிக்கக் கூடாது. சர்க்கரை திடீர்னு இறங்கி மயங்கி விழுந்தா அது இதைவிட ஆபத்து. உங்க வயசுக்கு இது நல்லாத்தான் இருக்கு" என்றார். சின்னம்மாவுக்குச் சந்தோஷம். சின்னம்மாவுக்கு அப்போது அறுபதுதான்.

பாதத்தைச் சோதிக்க நைலான் இழை மாதிரி ஒன்று வைத்திருப்பார். கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் அங்கங்கே தொடுவார். தொடுவது தெரிந்தால் "ஆங்" சொல்ல வேண்டும். சின்னம்மா கண்ணை மூடியதும் "ஆங், ஆங், ஆங்" என்று வரிசையாகச் சொன்னாள்.

"நான் இன்னும் தொடவே இல்லையே" என்றார் டாக்டரம்மா.

"தொடத்தானே போறிய" என்றாள் சின்னம்மா.

மறுபடி நிதானமாகச் செய்தபோது பெருவிரலுக்குக் கீழே இரண்டு இடத்தில் சத்தம் வரவில்லை. டாக்டரம்மா அங்கேயே வெகுநேரம் காத்திருந்தார். பிறகு, "வயசுல கொஞ்சம் குறையத்தான் செய்யும். செருப்பில்லாம நடக்காதீங்க" என்று எழுதிக்கொடுத்தார். சின்னம்மா செருப்பு வாங்கினாள். டாக்டரம்மா வருகிற அன்று போட்டுக்கொள்வாள்.

நாலாம் வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால் என் அம்மா கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டு இடைசெவலில் தம்பி வீட்டிலிருந்து என் வீட்டுக்கு வந்து தங்கினாள். அப்பாவுக்கு மில் பென்சன் வந்ததால் அம்மாவுக்கு வயதைக் கூட்டிப் போட வேண்டிய அவசியம் வரவில்லை. "அம்மா, டாக்டரம்மா வாரப்போ வெளிய வராத" என்று நான் சொல்லி வைத்திருந்தேன். ஏன் என்று சொல்லவில்லை.

டாக்டரம்மா வந்த அன்று காலை சின்னம்மா கண்ணை மூடிப் பாதத்தை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா ஒரு செம்பில் வெந்நீர் கேட்டு வாசலில் வந்து நின்றாள். கண்ணைத் திறக்காமலேயே காலடிச் சத்தத்தில் கண்டுகொண்டு சின்னம்மா சொன்னாள்: "அக்கா, வா, இரி. இவிய என் காலச் சொறிஞ்சி விடுதாவ."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "உங்க அக்காவா?"

"கூடப்பிறந்தவ. மூணு வருசம் மூப்பு. இவளுக்கு அம்மா" என்று என்னைக் கை காட்டினாள் சின்னம்மா. சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

"உங்க வயசும்மா?" என்று டாக்டரம்மா அம்மாவிடம் கேட்டார்.

"அறுபத்தி நாலு" என்றாள் அம்மா.

டாக்டரம்மா மடியில் இருந்த தாளைப் பார்த்தார். சின்னம்மாவின் பெயருக்கு நேரே எழுபத்திரண்டு என்று இருந்தது. பேனாவைப் பிடித்தபடி அவர் பேசாமல் இருந்தார். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போய் மறைந்தது. சின்னம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, "நாங்க எல்லாரையும் அக்கான்னுதான் கூப்பிடுவோம் டாக்டரம்மா" என்றாள். அது அரைக் குரலில்தான் வந்தது.

"சரி" என்றார் அவர்.

முதல்நாள் பெய்த மழையில் கரிசல் மண் குழைந்து வேன் ஊருக்குள் வர முடியாமல் தார் ரோட்டிலேயே நின்றிருந்தது. ஐஸ் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியை அவரும் மறுபக்கத்தை நானும் பிடித்துக்கொண்டு வண்டிப்பாதையில் நடந்தோம். செருப்பில் மண் அப்பி ஆளுக்கு ஒரு படி கனம் ஏறியிருந்தது. பாதி வழியில் அவர் நின்றார். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"ஊர்ல மத்தவங்களுக்கும் இப்படி வயசு கூடுதலா இருக்கா? உங்களுக்குத் தெரியுமா?"

நான் கீழே பார்த்தேன். காலை எடுத்தால் செருப்பு வராமல் மண்ணிலேயே நின்றது. அவர் காத்திருந்தார். என் கைப்பிடியில் பெட்டியின் கனம் ஏறிக்கொண்டே வந்தது.

"தெரியாது டாக்டர்" என்றேன்.

அவர் என்னை நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "சரி" என்று சொல்லி நடக்கத் தொடங்கினார்.

அதன் பிறகு வெளியிட இருந்த கட்டுரையை, பத்திரிகைக்கு எழுதி அவரே நிறுத்தினார். வீடு வீடாக மறுபடி வந்தார். இப்போது வயதைக் கேட்கவில்லை. "இந்தத் தெருவுல நீங்க யாரை அக்கான்னு கூப்பிடுவீங்க? உங்களை யார் அக்கான்னு கூப்பிடுவாங்க?" என்று மட்டும் கேட்டார். பதில்களை ஒரு பெரிய தாளில் மேலும் கீழுமாக எழுதிக் கோடு இழுத்தார். யார் மூத்தவள், யார் இளையவள் என்று ஊர்ப் பெண்கள் எல்லோரும் அந்தத் தாளில் ஒரு வரிசையில் வந்துவிடுவார்கள். அட்டையில் ஏமாற்றலாம், கூப்பிடுகிற முறையில் ஏமாற்ற முடியாது என்று அவர் கண்டுகொண்டார்.

ஊரும் அதைக் கண்டுகொண்டது. ஒரே வாரத்தில் பெண்கள் அவர் முன்னால் ஒருவரையொருவர் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். ஐம்பது வருடமாக அக்கா அக்கா என்று வாய் ஓயாமல் கூப்பிட்டவர்கள், "இந்தா, குடத்த எடு", "ஏம்மா, தள்ளி நில்லு" என்றார்கள். வேன் சத்தம் கேட்டால் தெருவே ஊமையாகிவிடும். நாளாக ஆக வேன் வராத நாளிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. சின்னம்மாவே ஒருநாள் என் அம்மாவை அக்கா என்று கூப்பிட வாயெடுத்துவிட்டு, தெருவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்க டாக்டரம்மா எங்க கஞ்சியில மண்ணள்ளிப் போடத்தான் வந்தாவளா?" என்றாள் மாரியம்மாள். வயதை என்னிடம் எழுதி வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி. "நீதான எழுதுன. உள்ள போனா நீயும்தான் வருவ. வாயத் தொறந்துராத." நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குப் பதில் சொல்ல வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

மாசியில் சின்னம்மா கருவேல விறகு வெட்டப் போனாள். செருப்பு வீட்டில் கிடந்தது. முள் ஏறியது அவளுக்குத் தெரியவில்லை. நாலைந்து நாள் கழித்து என் அம்மாதான், "என்னட்டி உன் கால்ல ஈ மொய்க்கி" என்று பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பாதி பாதம் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலருகே நின்று போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். பிறகு நடைபாதைப் பெஞ்சில் சின்னம்மாவின் நாலு வருடச் சீட்டுகளையும் மடியில் விரித்து ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாம் அவர் கையெழுத்து. "எழுபத்திரண்டுன்னா இதை விடலாம்" என்றார், என்னைப் பார்க்காமல். "வயசு குறைவுன்னா நான் விட்டிருக்கவே கூடாது. அன்னைக்கே மருந்தைக் கூட்டியிருக்கணும். இந்தப் பாதத்தை மாசாமாசம் பார்த்திருக்கணும். சந்தேகம் வந்த பிறகும் அவங்க வாயால வரட்டும்னு காத்திருந்தேன்." நான் பக்கத்தில் நின்றேன். அங்கேயும் சொல்லவில்லை.

இதற்கு அடுத்த வாரம் ஊருக்கு ஒரு தகவல் சொல்லச் சொன்னார். சமுதாயக் கூடத்தில் ஒருநாள் முழுக்க அவர் இருப்பார். தாள் கிடையாது, பேனா கிடையாது, போன்கூட வேனில் இருக்கும். ஒவ்வொருவராக வந்து உண்மை வயதை மட்டும் சொன்னால் போதும். எழுத மாட்டார், யாரிடமும் சொல்ல மாட்டார். மாத்திரையைச் சரிசெய்ய மட்டும்தான். நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

காலை எட்டு மணிக்கு அவர் போய் உட்கார்ந்தார். எதிரே இன்னொரு நாற்காலி. நான் வெளியே படியில் இருந்தேன். பத்து மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. தெருவில் பெண்கள் போனார்கள், வந்தார்கள். கூடத்துப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. வெயில் படியில் ஏறி என் காலைத் தொட்டு, பிறகு இறங்கிப் போயிற்று. அவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மத்தியானம் ஆறுமுகம் அண்ணாச்சி மட்டும் வந்தார். "எனக்கு வயசு சரியாத்தான் இருக்கு டாக்டரம்மா. தனியா இருக்கியளேன்னு வந்தேன்" என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு நான் உள்ளே போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"எங்க சின்னம்மாவுக்கு அறுபத்தொண்ணு" என்றேன். "எல்லாருக்கும் தெரியும் டாக்டர். படிவம் நான்தான் எழுதுனேன்."

"முதல் வருசமே தெரியும்?"

"தெரியும்."

"அன்னைக்குச் சேத்துல நின்னு கேட்டேன்."

"கேட்டிய."

அவர் இன்னும் ஏதோ வரும் என்பதுபோல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, வார்த்தை வரவில்லை. பிறகு, "மத்தவங்க பேரையும் வயசையும் சொல்லுங்க. மெதுவா" என்றார். சொன்னேன். எழுதாமல், உதடு அசைய மனப்பாடம் செய்துகொண்டார். இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். "ஆராய்ச்சிக்கு இது ஆகாது. அவங்க சொல்லலையே. மருந்துக்கு ஆகும்" என்று எழுந்தார்.

நேரே சின்னம்மா வீட்டுக்குப் போனார். என்னை வெளியே நிற்கச் சொன்னார். ஜன்னல் திறந்திருந்தது.

"உங்க வயசும்மா?"

"எழுபத்திரண்டு" என்றாள் சின்னம்மா.

பிறகு சத்தமே இல்லை. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். உள்ளே அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். சின்னம்மா கட்டிலில் புரண்டாள். மூக்கை உறிஞ்சினாள்.

"அறுபத்தொண்ணு. எழுதிராதிய டாக்டரம்மா."

"பேனாவே கொண்டுவரல."

"கால் போனா பென்சன நிப்பாட்டுவாவளோ?"

"மாட்டாங்க."

"அப்போ எழுபத்திரண்டாவே இருக்கட்டும்" என்றாள் சின்னம்மா. "இனும எனக்கு வேல செஞ்சி திங்க முடியாதுல்லா."

அடுத்த இரண்டு வாரம் அவர் வீடு வீடாகப் போய் எல்லோருக்கும் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். ஏன் மாற்றுகிறார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. யார் சொன்னார்கள் என்றும் கேட்கவில்லை. ஆனால் குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றது. மாரியம்மாள் இன்றும் என்னோடு பேசுவதில்லை. அவளுடைய சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது.

ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு அவர் கோவில்பட்டி மாடியைக் காலி செய்த அன்று சாமான்களை ஏற்ற நானும் போயிருந்தேன். நாலு வருடத் தாள்களைச் சாக்குகளில் போட்டு வாயைக் கட்டினோம். அவற்றை என்ன செய்யப்போகிறார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவர் என்னை எதற்கும் குறை சொல்லவில்லை. கயிறு வேண்டும் என்றால் கயிறு என்றார், பிடியுங்கள் என்றால் பிடியுங்கள் என்றார். நான் மட்டும் உள்ளுக்குள் தயாராக இருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று அவர் ஒருமுறை கேட்டால், எவ்வளவு நேரமானாலும் சரி, முழுக்கச் சொல்லிவிடுவது என்று முதல்நாளிலிருந்து மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன்.

வண்டி நிறைந்தது. டிரைவர் கயிற்றை முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவர் பக்கத்தில் போய், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். டிரைவர் முடிச்சைப் போட்டு முடித்து, கையைத் துடைத்து, யோசித்து, "இல்லம்மா, சாத்தூர்ல போயித்தான்" என்கிறவரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "வரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.